கடல்நீர்த் தொட்டியில் கல் அடுக்குவதும் பாத்தி கட்டுவதும்: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். நாலடி நீளத்தில் கடல்நீர்த் தொட்டி வாங்கி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பின்பக்கக் கண்ணாடி முழுவதும் கல்லை அடுக்கிவிட்டு, முன்னால் மணலில் கடல் தாவரங்கள் நடலாம் என்று இருக்கிறேன். கல்லை எப்படி அடுக்குவது? செடிக்கு எவ்வளவு மணல் வேண்டும்?" படித்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம். உப்புநீர்த் தொட்டி என்றாலே க்ளவுன் மீன், பவளம் என்றுதான் கேள்விகள் வரும். செடிக்கு இடம் விட வேண்டும் என்று நினைப்பவர்கள் அபூர்வம்.

முதலில் கல். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். கல்லைவிட, கல்லுக்கு நடுவே விடுகிற இடம்தான் முக்கியம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியாக்கள் கல்லின் பரப்பிலும் அதன் நுண்துளைகளிலும்தான் குடியிருக்கின்றன. ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல்லும் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கிற பவளப்பாறைத் துண்டு) காற்றுக் குமிழியும் இருந்தால் போதும், தொட்டி நடக்கும் என்று 1961-லேயே எழுதிவிட்டார். ஆனால் அந்தத் துளைகளுக்குள் தண்ணீர் போய் வந்தால்தானே பாக்டீரியாவுக்கு வேலை? பின்கண்ணாடியோடு ஒட்டிச் சுவர் மாதிரி அடுக்கினால் பின்னால் நீரோட்டம் செத்துவிடும். தின்னாத தீனியும் கழிவும் அங்கே போய்ப் படியும். கைவிட்டுச் சுத்தம் செய்யவும் முடியாது. அதனால் நாலு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விடுங்கள். கண்ணாடி துடைக்கிற காந்தமும் சுலபமாக உள்ளே போகும்.

ஒரே சுவருக்குப் பதிலாக இரண்டு மேடுகளாகக் கட்டுங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. உயரம் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். நடுவே மீன் நுழைந்து வெளியே வர வழி இருக்க வேண்டும். மறுபடியும் அதேதான் சொல்கிறேன், இடைவெளி!

அடிக்கல்லை நேராகத் தொட்டியின் அடித்தளத்தில் உட்கார வையுங்கள். மணல் அதற்குப் பிறகு. இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நண்பர் ஒருவர் மணலைப் பரப்பிவிட்டு அதன்மேல் கல்லை வைத்தார். கோபி மீனும் பிஸ்டல் இறாலும் ஜோடியாக விட்டார். அந்த ஜோடியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இறாலுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. மணலை வாரி வளைக்கு வெளியே தள்ளும்போது ஒரு மீசையை மீனின் உடம்பில் வைத்தபடியே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு வெட்டு வெட்டும். இறால் அந்தக் கணமே உள்ளே போய்விடும். அழகான கூட்டு. ஆனால் அந்த இறால் நண்பரின் பெரிய கல்லுக்குக் கீழேயே நாளெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி கல் சரிந்து கண்ணாடியில் மோதியது. கண்ணாடி தப்பியது. இறால் தப்பவில்லை.

கல்லோடு கல் குறைந்தது மூன்று இடத்திலாவது தொட வேண்டும். முதலில் வெளியே மேசைமேல் அடுக்கி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒட்டுங்கள். ஜெல் வகை சூப்பர் க்ளூ, நடுவில் எபாக்சி களிமண் (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் பசை), அதன்மேல் மறுபடி க்ளூ. வளைவு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிற கல்லுக்குத் துளை போட்டு ஃபைபர் கம்பி செருகுங்கள். உலோகக் கம்பி கூடவே கூடாது.

சரி, செடிக்கு வருவோம். நடுவதற்கு முன்னால் அதற்கு வேர் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பிடிமானம் மட்டும்தான். பாம்பன் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி எல்லாம் பாசி வகை. இவற்றை மணலில் புதைத்தால் அழுகும். சின்னக் கல்லில் நூலால் கட்டி நீரோட்டம் படுகிற இடத்தில் வையுங்கள். காலெர்பா என்ற பச்சைப்பாசி வேகமாகப் படரும், பார்க்கவும் அழகு. ஆனால் சில சமயம் ஒரே ராத்திரியில் இனப்பெருக்கத்துக்குப் போய், பச்சை முழுக்க வெளுத்துக் கரைந்து தண்ணீரைப் பால்போல ஆக்கிவிடும். அதனால் அடிக்கடி கிள்ளி எடுங்கள். அப்புறம், ஒரா மீன் விட்டால் பாசியை மறந்துவிடுங்கள், மிச்சம் வைக்காது.

கடற்புல் வேறு ஜாதி. அது பூக்கிற தாவரம். வேர் உண்டு, மணலுக்குள் கிடையாக ஓடுகிற தண்டு உண்டு. பாக் நீரிணையில் கடற்பசுக்கள் மேய்வது இதைத்தான். சத்தில் நல்ல பங்கை வேர் வழியாக எடுப்பதால் கழுவிய புது மணலில் திணறும். 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சில மாதம் தொட்டியில் கிடந்து பழகிய மெல்லிய மணல் வேண்டும். தொட்டி முழுவதும் அவ்வளவு மணல் போட்டால் பார்க்க நன்றாக இருக்காது. அதனால் ஒரு மூலையில் பாத்தி கட்டுங்கள். வயலுக்கு வரப்பு வைப்பதுபோல, கைப்பிடி அளவுக் கற்களை ஒன்றோடொன்று ஒட்டி வளைவாக ஒரு தடுப்பு. உள்ளே ஆழமான மணல், வெளியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். தண்டைப் படுக்கையாக வைத்து மூடுங்கள். இலை மட்டும் வெளியே தெரியட்டும். பழைய இலை பழுத்து விழும், பயப்பட வேண்டாம். புதுத் தளிர் வர மாதக்கணக்கில் ஆகலாம். நட்டதைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

இவ்வளவும் கேட்டவர் ஒன்றைக் கேட்கவில்லை: இந்தக் கல்லை எங்கே வாங்குவது? அதைத்தான் நான் பேச ஆசைப்படுகிறேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை ஆண்டாண்டு காலமாக வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கிற பாறையே போய்விட்டது. கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்தை வைத்திருந்தாலும் குற்றம்தான். "கடற்கரையில் கிடந்தது சார்" என்று யாராவது மூட்டை கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பூங்கா எல்லைக்குள் இருக்கிற கடற்புல்லுக்கும் அதே பேச்சுதான்.

கல்லை நீங்களே செய்யலாம். ஒரு பங்கு சாதாரண சிமெண்ட், மூன்று பங்கு கிளிஞ்சல் தூள், கூடவே கைநிறையக் கல்லுப்பு. கெட்டியாகப் பிசைந்து, ஈர மணலில் குழி தோண்டி வேண்டிய வடிவத்தில் ஊற்றுங்கள். இறுகியதும் நல்ல தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளையாகும். சிமெண்டில் காரம் அதிகம், அப்படியே தொட்டிக்குள் வைத்தால் மீன் செத்துவிடும். தண்ணீரை மாற்றி மாற்றி ஒன்றிரண்டு மாதம் ஊற வையுங்கள். புதுத் தண்ணீரில் சில நாள் கிடந்த பிறகும் பிஹெச் 8.5-ஐத் தாண்டவில்லை என்றால் தொட்டிக்குள் வைக்கலாம். பாக்டீரியா குடியேற இன்னும் நாலிலிருந்து ஆறு வாரம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் விடுங்கள். வடிவம் உங்கள் கையில் இருப்பதால், ஊற்றும்போதே கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குழாயைச் செருகி வைத்து, முக்கால்வாசி இறுகியதும் உருவிவிடுங்கள். கோபிக்கும் இறாலுக்கும் வாசல் தயார்.