பூட்டிய கோயிலும் பிடி அரிசியும்
(கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் அவர்களே, வெயிலைப் பாராமல் பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கும் கத்தோலிக்கப் பங்குத்தந்தை அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அம்மா அவர்களே, நாலாம் வகுப்பில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வாத்தியார் ஐயா அவர்களே, கமிட்டி அங்கத்தினர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாரே, அசன விருந்துக்குச் சோறு வடித்துக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் அண்ணாச்சிமாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். பங்குத்தந்தை அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கொரோனா நாளில் நம் ஊர் அடக்கம் ஒன்றுக்கு ஆள் இல்லாமல் நின்றோம். நாலு பையன்களோடு வந்து குழி தோண்ட நின்றவர் அவர்.

மூன்று காரியம் பேச வந்திருக்கிறேன்: சபை என்ற சொல், சபையின் சரித்திரம், வாலிபர் ஏன் விலகிப்போகிறார்கள் என்பது. என் அப்பா அடிக்கடி சொல்லுவார், ‘ஊர் கூடித் தேர் இழு’ என்று. அதையே பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. கட்டடத்துக்குக் கோயில், கூடுகிற ஜனத்துக்குச் சபை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘எக்ளேசியா’வுக்கும் கூடிவந்த மக்கள் என்றுதான் பொருள். ரோமருக்கு எழுதும்போது பவுல், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டிலே கூடுகிற சபையை வாழ்த்தச் சொல்கிறார். கோபுரம் இல்லை, மணி இல்லை. கூடாரம் தைக்கிற தொழிலாளி வீடு. சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் தூரா எவ்ரோபோஸ் என்ற ஊரில், மூன்றாம் நூற்றாண்டு விசுவாசிகள் கூடிய இடத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு வீடுதான். நம் பக்கத்துக்கு வாருங்கள். 1799-இல் முதலூர் உண்டானது எப்படி? விசுவாசத்துக்காகச் சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டவர்கள் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும் என்று உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் பாடுபட்டதால். நான் கோபுரத்துக்கு விரோதியல்ல. மெஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன்தான்.

இப்போது நம் தூத்துக்குடிப் பக்கத்து வெள்ளத்தின் கதை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பேருக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் பொங்கிப் போட்டதை நாடே அறியும். அவர்கள் ஊர் கூடித் தேர் இழுத்தார்கள். நான் அன்றைக்கு வேறோர் ஊரில், சொந்தக்கார வீட்டில் இருந்தேன். தண்ணீர் முழங்காலைத் தாண்டியதும் எல்லாரும் கோயிலுக்கு ஓடினோம். அதுதான் மேடு, கல் கட்டடம். கதவில் இரட்டைப் பூட்டு! சாவி வைத்திருந்தவர் டவுனில். டைல்ஸ் புதுசு, சேறு பட்டுவிடக் கூடாது என்று பூட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

எதிரே ஒரு பாட்டி வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் வளைகுடாவில். “மாடிக்கு ஏறுங்கய்யா, ஏறுங்க” என்று கூப்பிட்டாள். இருபத்தாறு பேர் ஏறினோம். டீக்கடை பாய் குடும்பமும் எங்களோடுதான். ராத்திரி குழந்தைகள் பசியில் அழுதன. பாட்டி ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைக்கென்று போட்டு வைத்த அரிசி. அதைச் சுளகில் கொட்டி, டார்ச் வெளிச்சத்தில் வண்டு பொறுக்கினாள். “கோயிலுக்கு உள்ளதுல்லா பாட்டி” என்றேன். “கோயில் பூட்டிக் கெடக்கு. சபை இங்கனதான இருக்கு” என்றாள். உப்பு போட்ட கஞ்சி. ஆளுக்கு அரை டம்ளர். பாய் வீட்டுக் கைக்குழந்தைக்கு முதல் கரண்டி.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். அடுத்த வருஷம் அந்தப் பாட்டி இறந்துபோனாள். இரண்டு நாள் கழித்துப் பால்காரர்தான் பார்த்துச் சொன்னார். அந்த இரண்டு நாளும் எதிரே கோயிலில் கோபுரப் பெயிண்ட் பற்றிக் கமிட்டி கூடியது. விருந்தாளியாக நானும் போயிருந்தேன். அவள் வாசலைத் தாண்டித்தான் உள்ளே போனேன். “பாட்டி, சௌக்கியமா?” என்று ஒரு குரல் கொடுக்கவில்லை. அதை எந்த ஜெபத்திலும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

வாலிபரைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். குருவானவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் ஒன்றே ஒன்று: தம்பிகளே, எனக்கு நீங்கள் வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாகக் கிடக்கிற பெரியவர்கள் நம் சேகரத்தில் எத்தனை வீடு? வீட்டுக்கு இரண்டு பேர், வாரம் இரண்டு தடவை, கதவைத் தட்ட வேண்டும். மாத்திரை இருக்கிறதா, கஞ்சி குடித்தார்களா என்று கேட்க வேண்டும். தாய்மாரே, பிடி அரிசித் தகரத்தை மறுபடி அடுப்படியில் வையுங்கள். மிசோரத்துச் சபைப் பெண்கள் 1910 முதல் பிடி அரிசி எடுத்து வைத்தே எத்தனையோ ஊழியத்தைத் தாங்குகிறார்கள். கமிட்டிப் பெரியவர்களே, கோபுரத்தை இன்னும் ஒன்பது அடி உயர்த்தும் தீர்மானத்தை ஒரு வருஷம் தள்ளி வையுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். ஊர் கூடித் தேர் இழுக்கத்தான் கேட்கிறேன்.

அசனப் பந்தலில், வாழை இலைக்கட்டு வைத்திருக்கும் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. இடது பக்கம் பெரியவர்கள் பேர், தெருவோடு எழுதியிருக்கிறேன். வலது பக்கம் காலி. கை கழுவுமுன் அங்கே வாருங்கள், பேனாவோடு நிற்கிறேன்.