கூத்தாடி ரெண்டுபட்டால்

வணக்கம். மைக் கேட்கிறதா? கடைசி வரிசை? சரி.

"ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பார்கள். நான் சொல்ல வந்திருப்பது கூத்தாடிகள் ரெண்டுபட்ட கதை. அப்போது ஊருக்கு என்ன ஆகும்? ஊர் அழும், சாபம் விடும், கடைசியில் தானும் ரெண்டுபடும். அந்த ஊரில் நானும் ஒருத்தி என்பதால்தான் இந்த மேடைக்கு வர ஒத்துக்கொண்டேன்.

இந்த வெயிலில் ஐஸ் டான்ஸைப் பற்றிப் பேசுகிறாளே என்று முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்சம் குளிர்ச்சியாவது மிஞ்சும்.

நான் இதில் விழுந்தது 2010இல். அப்போது நாங்கள் கனடாவில், ஒன்டாரியோவில் இருந்தோம். வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். சமையலறையில் இருந்த என்னை வீட்டுக்காரர் கூப்பிட்டார்: "இங்க வா, வெள்ளைக்காரப் பிள்ளைங்க நம்ம பாட்டுக்கு ஆடுது." மெரில் டேவிஸ், சார்லி வைட் என்ற அமெரிக்க ஜோடி. இந்தி சினிமாப் பாட்டு. முத்திரை, கழுத்தசைவு எல்லாம் உண்டு. ஆனால் தரையில் இல்லை, ஐஸில், கத்தி மாதிரி ஒரு தகட்டின் மேல். கரண்டியோடு நின்று பார்த்தேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. அவர்கள் அந்த முறை வெள்ளி வாங்கினார்கள், 2014இல் தங்கம். நான் அதற்குள் முழுப் பைத்தியம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐஸில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 'பேர்ஸ்': அதில் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்குவார்கள், வீசுவார்கள். இன்னொன்று ஐஸ் டான்ஸ். இதில் வீசக் கூடாது. தூக்கினாலும் தூக்குபவரின் கை தலைக்கு மேலே போகக் கூடாது. அப்படியானால் என்னதான் செய்வார்கள் என்றால், ஒட்டி ஆடுவார்கள். அவ்வளவுதான், அதுதான் பெரும்பாடு. நாலு மில்லிமீட்டர் அகலத் தகடு, அதிலும் ஓரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் கால் இன்னொருவர் காலுக்கு இடையில் போய்வரும். ஓடும் வேகத்திலேயே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பம்பரமாகச் சுற்றுவதற்கு 'ட்விசில்' என்று பெயர்; அதில் அரைச் சுற்று பிசகினாலும் ஊருக்கே தெரியும்.

என் மகளை ஸ்கேட்டிங் வகுப்பில் விட்டுவிட்டு ரிங்க் ஓரத்தில் காபியோடு உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு சின்ன ஜோடி. பெண்ணுக்கு ஒன்பது வயது இருக்கும், பையனுக்குப் பதினொன்று. அந்தப் பையன் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவான். அந்த இடத்தில் அவள் கை இருக்கும். ஒவ்வொரு முறையும். இரண்டு வருஷம் பார்த்தேன். பிறகு பையன் ஒரே கோடையில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டான். அவள் தலை அவன் நெஞ்சுக்கும் எட்டவில்லை. பயிற்சியாளர் பிரித்துவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. செப்டம்பரில் அவள் வேறொரு பையனோடு வந்தாள். பழைய பழக்கத்தில் கையை நீட்டினாள். அங்கே கை இல்லை. புதியவன் கை நாலு விரல் கீழே இருந்தது. அவள் காற்றைப் பிடித்தாள், தடுமாறினாள், மறுபடி ஆரம்பித்தார்கள். அன்று காலை மட்டும் அது பத்துப் பதினைந்து முறை நடந்திருக்கும்.

ஒரு ஜோடி பிரிந்தால் எது போகிறது என்பதை எனக்குக் காட்டியது அந்த வெறுங்கைதான். பாடகர் பிரிந்தால் குரலைக் கூடவே கொண்டுபோகலாம். இங்கே கற்றுக்கொண்டது இருவர் உடம்புக்கும் நடுவில் இருக்கிறது. அதில் பாதியை எடுத்துக்கொண்டு யாரும் போக முடியாது.

ஆனால் ரசிகர்கள் அழுவது அதற்காக மட்டுமா? இல்லை. நாங்கள் அழுவது கல்யாணம் முறிந்த மாதிரி. அங்கேதான் வம்பு.

கனடாவின் டெஸ்ஸா வர்ச்சு, ஸ்காட் மொயர் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் சேர்த்து வைத்தபோது அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்பது. 2010இல் தங்கம், 2014இல் வெள்ளி, 2018இல் மறுபடி தங்கம். இவர்கள் காதலர்கள்தான் என்று பாதி கனடா சத்தியம் செய்தது. இல்லை, இல்லை என்று இருவரும் பேட்டிக்குப் பேட்டி சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. 2019இல் ஓய்வு பெற்று அவரவர் வாழ்க்கை, அவரவர் துணை என்று போனபோது ஏமாந்தவர்கள் போலப் பேசினவர்களை நான் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். யார் யாரை ஏமாற்றியது? ஆடும்போது அவர்கள் காதலித்தார்கள், உண்மை. அது அவர்கள் தொழில். மாயா ஷிபுதானி, அலெக்ஸ் ஷிபுதானி என்று ஒரு அமெரிக்க ஜோடி, 2018இல் வெண்கலம் வாங்கியவர்கள். அண்ணன் தங்கை. அவர்கள் விஷயத்தில் எந்த ரசிகருக்கும் ராத்தூக்கம் கெட்டதில்லை.

இப்போது என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

எலினா இலினிக், நிகிதா கட்சலாபோவ். ரஷ்ய ஜோடி. சிறுவயதில் ஒருமுறை சேர்ந்து, பிரிந்து, 2008இல் மறுபடி சேர்ந்தவர்கள். 2010இல் ஜூனியர் உலக சாம்பியன். 2014 பிப்ரவரி, சோச்சி ஒலிம்பிக்ஸ்: அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு இருபத்திரண்டு. ஸ்வான் லேக் இசைக்கு ஆடி வெண்கலம், அணிப் போட்டியில் தங்கமும். அந்த ஆட்டத்தில் ஒரு காட்டுத்தனம் இருந்தது. நேர்த்தியில் டேவிஸ், வைட் ஜோடிக்குக் கிட்ட வர முடியாது. ஆனால் அவர்களைப் பார்க்கும்போது மூச்சு விட மறந்துவிடும். இன்னும் இரண்டு ஒலிம்பிக்ஸ் இவர்கள் கையில் என்று நாங்கள் கணக்குப் போட்டுவிட்டோம்.

மார்ச்சில் ஜப்பானின் சைத்தாமாவில் உலகப் போட்டி. அந்த வருடம் முதல் மூன்று இடங்களுக்கு நடுவில் மொத்த வித்தியாசமே 0.06 புள்ளிதான், இத்தாலிக்காரர்கள் வென்றார்கள். இவர்கள் நாலாவது. அடுத்த சில வாரங்களில் செய்தி வந்தது: நிகிதா விலகுகிறான். விக்டோரியா சினிட்சினாவோடு ஆடப் போகிறான். விக்டோரியா அதுவரை ருஸ்லான் ஷிகன்ஷினோடு ஆடியவள். அவர்களும் ஜூனியர் உலக சாம்பியன்கள், 2012இல். தனியாக நின்ற எலினாவும் ருஸ்லானும் ஒன்று சேர்ந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி, நாலு பேரும் ஆள் மாறிவிட்டார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் ஒரு ரஷ்ய அம்மா இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், 1976இல் ஐஸ் டான்ஸ் முதல்முதலாக ஒலிம்பிக்ஸுக்குள் வந்ததிலிருந்து பார்த்து வருபவர். துணி துவைக்கும் அறையில் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருக்கிறோம். "துரோகி" என்றார். நானும் "துரோகி" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்குள் அப்படி ஒரு நெருக்கம்.

அந்த அம்மாதான் பழைய கதைகளை எனக்குச் சொன்னவர். மாயா உசோவா, அலெக்சாண்டர் ஷுலின் என்று ஒரு ஜோடி, கணவன் மனைவியும்கூட. 1993இல் உலக சாம்பியன். 1994 ஒலிம்பிக்ஸில் அவர்களுக்கு வெள்ளி. தங்கம் வாங்கியது ஒக்சானா கிரிஷ்சுக், எவ்கெனி பிளாட்டோவ் ஜோடி. அவர்களே 1998இலும் தங்கம். அதன் பிறகு கேளுங்கள்: பிளாட்டோவ் போய் உசோவாவோடு ஷோக்களில் ஆடினார், கிரிஷ்சுக் ஷுலினோடு. தங்கமும் வெள்ளியும் குறுக்கே மாறிக்கொண்டன! ஷுலின் பிறகு பயிற்சியாளர் ஆனார். டட்டியானா நவ்கா, ரோமன் கோஸ்டோமரோவ் ஜோடியை உருவாக்கினார். நவ்காவை மணந்தும் கொண்டார். நவ்காவும் கோஸ்டோமரோவும் முன்பே ஒரு வருடம் ஜோடியாக ஆடி, அப்போதைய பயிற்சியாளர் பிரித்துவிட்டு, கோஸ்டோமரோவ் வேறொரு பெண்ணோடு ஆடி, 2000இல் திரும்பச் சேர்ந்தவர்கள். 2006இல் ஒலிம்பிக்ஸ் தங்கம். "பிரிந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை" என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் நிகிதாவை மன்னிக்கத் தயாரில்லை.

ஜோடிகள் பிரிவதற்கு மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் பெண்கள் அதிகம், பையன்கள் குறைவு. அதனால் நல்ல பையனுக்குக் கிராக்கி. பையனின் செலவையும் பெண் வீட்டார் ஏற்பதுகூட உண்டு. இது நமக்குப் புதிய கதை இல்லை, விளக்க வேண்டாம். நாடு விட்டு நாடு போய் ஜோடி தேடுவதும் சகஜம். உலகப் போட்டிக்கு இருவரில் ஒருவர் அந்த நாட்டவராக இருந்தால் போதும். ஒலிம்பிக்ஸுக்கு இருவருக்கும் குடியுரிமை வேண்டும். கனடாவில் பிறந்த டனித் பெல்பின், பென் அகோஸ்டோவோடு அமெரிக்காவுக்கு ஆடியவர். அவருக்குக் குடியுரிமை கிடைக்க அமெரிக்க நாடாளுமன்றமே சட்டத்தில் வழி செய்தது. 2005 டிசம்பர் கடைசியில் ஜனாதிபதி கையெழுத்து, 2006 பிப்ரவரியில் வெள்ளிப் பதக்கம். இப்படியெல்லாம் பாடுபட்டுக் கட்டுவதால்தான் உடையும்போது சத்தம் பெரிதாகக் கேட்கிறது.

ரசிகர்களுக்கு இன்னொரு குணம். யார் விலகினார் என்பது முதல் கேள்வி. பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரு குற்றவாளியைப் பிடித்தாக வேண்டும். இரண்டாவது, புதிதாக வந்த பெண்ணை 'வீட்டைக் கெடுத்தவள்' ஆக்குவது. பிரான்ஸின் கப்ரியேலா பப்பதாகிஸ், கியோம் சிசெரோன் சிறுபிள்ளையிலிருந்து சேர்ந்து ஆடினவர்கள். ஐந்து உலகப் பட்டம், 2022இல் ஒலிம்பிக்ஸ் தங்கம். 2024 டிசம்பரில் ஓய்வு என்று அறிவித்தார்கள். மூன்று மாதம் கழித்து சிசெரோன், லொரான்ஸ் ஃபூர்னியே போத்ரியோடு திரும்பி வருவதாகச் சொன்னார். அன்று என் போனுக்கு வந்த செய்திகளைப் பார்த்தால் யாரோ செத்துப்போனதாக நினைப்பீர்கள். "வருஷம் திரும்பலையே, அதுக்குள்ளயா" என்று ஒருத்தி கேட்டாள். வருஷ திதி முடியாமல் வீட்டில் நல்ல காரியம் வைத்துவிட்டார்களாம்!

என் பாவத்தை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் ரஷ்ய தேசியப் போட்டி நடந்தது, அதே சோச்சியில். எலினா, ருஸ்லான் முதலிடம். நிகிதா, விக்டோரியா நாலாமிடம். "நல்லா வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மகள் திரும்பிப் பார்த்தாள். "அந்த அக்கா என்னம்மா செஞ்சாங்க?" என்றாள், திரையில் விக்டோரியாவைக் காட்டி. பத்தொன்பது வயதுப் பெண். புது ஆளோடு, ரிங்கில் நான் பார்த்த சிறுமி மாதிரி கை தேடிக்கொண்டிருந்தவள். நான் பதில் சொல்லாமல் டீ போடப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் ஸ்டாக்ஹோமில் ஐரோப்பியப் போட்டியில் எலினாவும் ருஸ்லானும் நாலாவதாக வந்தார்கள். ரஷ்யப் பட்டம் கையில் இருந்ததால் எங்கள் கட்சிக்கு அதுவும் வெற்றிதான். ஆனால் அந்தப் பட்டம்தான் அவர்களின் உச்சம் என்று அன்று தெரியவில்லை. 2017இல் அந்த ஜோடி ஆட்டத்தை நிறுத்திவிட்டது. மற்ற இருவர் தடுமாறினார்கள், பயிற்சியாளரை மாற்றினார்கள். யாரிடம் போனார்கள் தெரியுமா? ஷுலினிடம். குறுக்கே மாறின கதையைத் தானே வாழ்ந்து பார்த்த அதே ஷுலினிடம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. 2019இல் உலகப் போட்டி மறுபடி அதே சைத்தாமாவில். ஐந்து வருஷம் முன்பு எலினாவோடு நாலாவதாக வந்த ஊரில் நிகிதாவுக்கு விக்டோரியாவோடு வெள்ளி. 2020இல் கிராஸ் நகரில், தோற்கவே மாட்டார்கள் என்றிருந்த பப்பதாகிஸ், சிசெரோன் ஜோடியை 0.14 புள்ளியில் தாண்டி ஐரோப்பியப் பட்டம். 2021 மார்ச், உலகப் போட்டி. இடம் ஸ்டாக்ஹோம்.

கொரோனா காலம். அரங்கில் பார்வையாளர்கள் கிடையாது. நாங்கள் அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். வீடியோ அழைப்பில் அந்த ரஷ்ய அம்மா, அவர் வீட்டில் அவர் டிவி, என் வீட்டில் என் லேப்டாப். காலி நாற்காலிகளுக்கு நடுவில் அந்த இருவர் ஆடினார்கள். தகடு ஐஸைக் கீறும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. நான் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை அங்கே இருந்தது.

தங்கம் என்று திரையில் வந்தது. அந்தக் காலி அரங்கில் கூட்டம் எழுப்பும் சத்தம் எதுவும் இல்லை. ஏழு வருஷம் திட்டினவர்கள் நாங்கள். கைதட்ட வேண்டிய நேரத்தில் ஒருவரும் அங்கே இல்லை.

அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நன்றாகத்தான் ஆடினார்கள்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஆனாலும் சோச்சி மாதிரி வராது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். என் வாயிலும் அதேதான் இருந்தது.