சிப்பிப்பாறை நாய்க்குக் கழுத்துப்பட்டை தைப்பது எப்படி? ஞாயிற்றுக்கிழமை எங்கே அழைத்துப் போகலாம்?

அடுத்த கேள்வி நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வந்திருக்கிறது. நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன். "அக்கா, எங்கள் வீட்டில் சிப்பிப்பாறைப் பெண் நாய் இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மயிலைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து, கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. உருவ முடியாத பட்டை ஒன்றை நானே தைக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எங்கெல்லாம் அழைத்துப் போகலாம்? தெப்பக்குளம், அழகர்கோயில் சரிவருமா?"

தம்பி, தாராளமாகத் தைக்கலாம். அதற்கு முன்னால் அவள் எப்படி உருவினாள் என்பது புரிய வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட இனங்கள். முகம் நீண்டு ஒடுங்கியிருக்கும், கழுத்து தசைப்பிடிப்போடு ஏறத்தாழ தலை அளவுக்கே இருக்கும். கடைப் பட்டையைக் கழுத்தின் நடுவில், இரண்டு விரல் நுழையும் தளர்வோடு மாட்டுகிறோம். அந்தத் தளர்வையும் சேர்த்தால் பட்டையின் சுற்றளவு தலையின் சுற்றளவுக்கு வந்துவிடுகிறது. பிறகு என்ன, பின்னால் இரண்டு எட்டு வைத்துத் தலையைத் தாழ்த்தினால் கதை முடிந்தது. இன்னும் ஓர் ஓட்டை இறுக்கிக் கட்டினால் மூச்சுதான் முட்டும். நாள் முழுவதும் இறுக்கமாகக் கட்டி வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இந்த மாதிரி நாய்களுக்கு மார்ட்டிங்கேல் என்று ஒரு பட்டை இருக்கிறது. அதில் கொக்கி கிடையாது. பெரிய பட்டை ஒன்று, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம். அந்த இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைந்து போகும் சின்னச் சுற்று ஒன்று. பிடிவாரை அந்தச் சின்னச் சுற்றில் மாட்டுவோம். சாதாரணமாக நடக்கும்போது பட்டை தளர்வாகக் கிடக்கும். நாய் இழுத்தால் சின்னச் சுற்று மேலே எழும்பி, வளையங்கள் நெருங்கி, பட்டை கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சுருக்குச் சங்கிலியைப் போல அளவில்லாமல் இறுகாது. எவ்வளவு இறுக வேண்டும் என்பதைத் தைக்கும்போதே நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

ஆகவே எல்லாம் அளவில்தான் இருக்கிறது. இரண்டு இடங்களில் அளந்தால் போதும். காதுகளுக்குச் சற்றுப் பின்னால், கழுத்து மிகவும் ஒடுங்கிய இடத்தில் ஓர் அளவு. தலையின் மிக அகன்ற இடத்தில் ஓர் அளவு. உதாரணத்துக்குக் கழுத்து 13 அங்குலம், தலை 15 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பட்டை முழுவதும் இறுகிய நிலையில் கழுத்தை அப்பிப் பிடிக்க வேண்டும், ஆனால் இரண்டு வளையங்களும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. முட்டிவிட்டால் அதற்கு மேல் இறுக இடமில்லை, பட்டை பெரிது என்று அர்த்தம். நடுவில் ஒன்றரை அங்குலம் விடுங்கள். அப்படியானால் பெரிய பட்டை, வளையங்களையும் சேர்த்து, பதினொன்றரை அங்குலம். சின்னச் சுற்றின் மொத்தச் சுற்றளவு 8 அங்குலம். அதைத் தட்டையாக விரித்தால் வளையங்களுக்கு நடுவில் 4 அங்குலம் கிடைக்கும். பதினொன்றரையும் நான்கும் பதினைந்தரை. 15 அங்குலத் தலை உள்ளே நுழைந்துவிடும். உங்கள் நாயின் அளவு வேறாக இருக்கும், கணக்கு இதேதான்.

சாமானுக்கு வருவோம். பை, பெல்ட் தைப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் ஒன்றரை அங்குல நைலான் நாடா மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு மீட்டர் வாங்கினால் மிச்சமே ஆகும். மதுரைக்குள் போகிறவர்கள் குன்னத்தூர் சத்திரத்தில் விசாரியுங்கள். புதுமண்டபத்தில் இருந்த கடைகள் அங்கேதான் மாறியிருக்கின்றன. வளையம் வாங்கும்போது மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து பாருங்கள். கம்பியை வளைத்து முனைகளைச் சும்மா சேர்த்து வைத்த வளையம் விலை குறைவு. கைப்பைக்கு அது போதும், நாய்க்கு ஆகாது. இருபது கிலோ நாய் பாய்ந்து இழுத்தால் அந்த இணைப்பு வாயைப் பிளந்துவிடும். இணைப்பைப் பற்றவைத்த வளையம் வேண்டும். நகத்தால் தடவிப் பாருங்கள், இடைவெளி தட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாடாவை அப்படியே கழுத்தில் போடாதீர்கள். சிப்பிப்பாறைக்கு மயிர் மிகக் குட்டை, தோல் மெல்லியது. நைலான் ஓரம் உராய்ந்தால் சிவந்து போகும். பழைய பருத்தித் துணியால் உறை போட வேண்டும். நான் அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலையைத்தான் எடுப்பேன். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆகியிருக்கும், புள்ளிகளும் கறுப்பு நாய்க்கு எடுப்பாக இருக்கும். புதுத் துணி என்றால் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். சாயம் நாயின் கழுத்தில் ஏறக் கூடாது, தைத்த பிறகு துணி சுருங்கவும் கூடாது.

நாடாவை வெட்டியதும் முனையை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டினால் இழை பிரியாது. இதை உறை போடுவதற்கு முன்பே செய்யுங்கள், பருத்தி தீப்பிடிக்கும். பெரிய பட்டைக்கு இரு முனைகளிலும் மடித்துத் தைக்க 2 அங்குலம் கூடுதலாக விடுங்கள். 18ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் சற்றுக் கூடுதல். மடிப்பின் மேல் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்கள். அதே கோட்டில் இன்னொரு முறை ஓட்டுங்கள். பாரம் முழுவதும் அந்தச் சதுரத்தின் மேல்தான் விழுகிறது. துணியும் நாடாவும் சேர்ந்து தடித்த இடத்தில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள், ஊசி பிழைக்கும். சின்னச் சுற்றை மூடித் தைப்பதற்கு முன் இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்துவிட்டோமா, பிடிவார் மாட்டும் டி வளையத்தைக் கோத்துவிட்டோமா என்று பாருங்கள். மூடும் தையல் டி வளையத்தை ஒட்டியே விழ வேண்டும். பக்கவாட்டில் விழுந்தால் அந்தத் தடிப்பு வளையத்தில் சிக்கி, பட்டை இறுகாமல் நின்றுவிடும்.

தைத்து முடித்ததும் நேராகச் சமணர் மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு, பட்டையைக் காதுக்குப் பின்னால் ஏற்றி மாட்டி, முன்னால் நின்று மெதுவாக இழுங்கள். அவள் பின்னால் போகட்டும், தலையை ஆட்டட்டும். காதைத் தாண்டி வராவிட்டால் சரி.

இனி ஊர் சுற்றுவது. கீழக்குயில்குடியை விட வேண்டியதில்லை. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில் என்று விடியற்காலையில் அதற்கு இணையான இடம் மதுரையைச் சுற்றி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடிவாரத்தோடு நில்லுங்கள். மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், நாயோடு ஏற வேண்டாம். மயில் விஷயத்திலும் கவனம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. நாய் கவ்வினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பட்டை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் திறந்த வெளியில் பிடிவாரை அவிழ்க்காதீர்கள். வேட்டை நாய் ஓடத் தொடங்கிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதன் காதில் விழாது.

வண்டியூர் தெப்பக்குளம் விடியற்காலையில் மட்டும். சாயங்காலம் போனால் கூட்டமும் பஜ்ஜிக் கடைகளும் வண்டிகளும், நமக்கே நடக்க இடமிருக்காது. அந்தப் பகுதித் தெருநாய்கள் வேறு தங்கள் எல்லைக்குள் புதிய ஆளை விடாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி இந்த ஆண்டுக்குப் போட்டாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எங்கே போனாலும் வெயில் ஏறுமுன் வீடு திரும்ப வேண்டும். சித்திரை, வைகாசியில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அவள் பாதமும் தாங்காது.

அரிட்டாபட்டிக்கு நாய் வேண்டாம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், பாறைகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. அழகர்கோயிலுக்கும் வேண்டாம். அங்கே குரங்குகள் ஏராளம், உங்கள் கை பிடிவாரோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துவிடும். காலையில் அவளை நடத்திக் கூட்டிவந்துவிட்டு, பகலில் நீங்கள் குடும்பத்தோடு போய் மலையை நிதானமாகப் பார்த்து, அழகர்கோயில் தோசை வாங்கிச் சாப்பிட்டு வாருங்கள். அப்படி அவளைத் தனியே விட்டுப் போகும்போது இந்தப் பட்டையைக் கட்டாயம் கழற்றி ஆணியில் மாட்டிவிடுங்கள். சின்னச் சுற்று ஜன்னல் கம்பியிலோ கட்டில் காலிலோ மாட்டிக்கொண்டால், அவள் இழுக்க இழுக்க இறுகும், விடுவிக்க வீட்டில் ஆள் இருக்காது.