கசெற்றின் கடைசியில் எஞ்சிய பாடல்கள்

வணக்கம் உறவுகளே. இன்றைய காணொளியை மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுப் பின்விறாந்தையிலிருந்து பதிவுசெய்கிறேன். வாவிப் பக்கமிருந்து வரும் காற்று ஒலிவாங்கியில் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் முன்னால் மேசையில் இருப்பது ஒரு பழைய பிஸ்கட் பேணி. இதற்குள் பதினொரு கசெற்றுகள் இருக்கின்றன. 1986 முதல் 1989 வரை, லண்டனின் தென்பகுதியில் உள்ள ரூட்டிங்கில் இருந்த என் பெரியம்மாவின் மகன், ஊருக்கு வருபவர்களின் கையில் எனக்கென்று கொடுத்தனுப்பியவை இவை. பகலில் பெற்றோல் செட்டில் வேலை, ஓய்வு நாளில் தெருச் சந்தையில் பழைய இசைத்தட்டு வாங்குவது என்று அண்ணாவின் வாழ்க்கை அப்போது ஓடியது.

இன்று நான் பேசப்போவது இந்தக் கசெற்றுகளின் உறையில் எழுதப்பட்டுள்ள புகழ்பெற்ற பெயர்களைப் பற்றியல்ல. 90 நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். பங்க் எனப்படும் வேகமும் கோபமும் நிறைந்த ராக் இசைக் குழுக்களின் நெடுந்தட்டுகளோ (எல்பி) பெரும்பாலும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். த கிளாஷ் குழுவின் 1977ஆம் ஆண்டு முதல் தட்டு 35 நிமிடம்தான். எஞ்சும் நாடாவை வெறுமையாக விட மனமில்லாத அண்ணா, சந்தைப் பெட்டிகளில் சில்லறைக் காசுக்கு வாங்கிய 7 அங்குலத் தனித்தட்டுகளிலிருந்து (சிங்கிள்) இரண்டு மூன்று பாடல்களை அங்கே பதிந்துவிடுவார். அவற்றின் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. பதினெட்டு வயதில் அவை எனக்கு மிச்சப் பாடல்கள். பெரிய தட்டு முடிந்த பிறகு கசெற்றைத் திருப்பிப் போடும்வரை ஓடிக்கொண்டிருப்பவை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து இப்போது கேட்கும்போது, அந்த மிச்சங்கள்தான் என்னை உட்கார வைத்துவிட்டன.

பேணி தப்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியபோது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு இடம்பெயர்ந்து, மண்டூரில் சின்னம்மா வீட்டில் சில மாதங்கள் இருந்தோம். திரும்பும்போது பேணியை அங்கேயே விட்டுவிட்டேன். அது கல்லடிக்குத் திரும்பி வந்திருந்தால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போயிருக்கும். எங்கள் வீட்டில் அன்று கதவு நிலைகூட மிஞ்சவில்லை. சென்ற ஆண்டு சின்னம்மா வீட்டுக் கூரையைப் பிரித்தபோது பேணி வெளியே வந்தது. "உன்ட சாமான் மனே, நான் தொடல்ல" என்று கையில் தந்தார். குருமண்வெளிப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றும் மிதவையில், வாவியைக் கடந்து வரும்போது, அதை மடியில் வைத்தபடி திறக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

என் பயம் பாதி நியாயமானதுதான். நாடாச் சுருளின் ஓரங்களில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது. நாலு கசெற்றுகளில், நாடாவை, ஒலியை வாசிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு கழன்று உள்ளே கிடந்தது. அந்தத் துண்டு இல்லாவிட்டால் நாடா ஹெட்டில் ஒட்டி ஓடாது. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிவிடும். இதோ பாருங்கள், ஐந்து சிறிய ஆணிகளைக் கழற்றி, மேல் மூடியைத் தூக்கி, இரண்டு சுருள்களையும் அசையாமல் எடுத்து, புதிய வெற்றுக் கசெற்றின் கூட்டுக்குள் இறக்கிவைக்க வேண்டும். 3.81 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடா. ஒரு முறுக்கு விழுந்தாலும் மீண்டும் தொடங்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறை ஓடவிட்ட பின்பும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்தேன். முதல் கசெற்றுக்குப் பிறகு அந்தப் பஞ்சு கறுப்பும் பழுப்புமாக இருந்தது. அது என் இளமைக் காலத்தின் பாடல்களிலிருந்து உதிர்ந்த துகள் என்று நினைத்தபோது அதை எறியக் கை வரவில்லை.

பழுதுபார்த்து, கணினிக்கு மாற்றி, முதல் மிச்சப் பாடலைக் கேட்டேன். எனக்குப் பாடலை அடையாளமே தெரியவில்லை. அது நான் அறிந்ததைவிட வேகமாக இருந்தது. இயந்திரத்தில் கோளாறோ என்று இரண்டு தடவை சோதித்த பிறகுதான் காரணம் விளங்கியது. அந்நாட்களில் மின்சாரம் நின்ற இரவுகளில் நாங்கள் பற்றரியில்தான் கேட்டோம். வலு குறைந்த பற்றரியை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். மோட்டார் சோர்ந்து சுற்றும். பாடலும் தாழ்ந்து, இழுத்து, கனத்துப் போகும். கோபத்தில் ஓடும் பாடல்களை நான் துயரத்தில் நடக்கும் பாடல்களாக மனத்தில் வைத்திருந்திருக்கிறேன். சரியான வேகத்தில் கேட்டபோது, அவற்றைப் பாடியவர்கள் அன்றைய என் வயதுப் பொடியன்கள் என்பது முதன்முறையாகக் காதில் விழுந்தது.

அந்தப் பாடல் ருடி என்ற குழுவின் "பிக் டைம்". வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரத்தில் டெரி ஹூலி என்பவர் குட் வைப்ரேஷன்ஸ் என்ற பெயரில் ஓர் இசைத்தட்டுக் கடை நடத்தினார். கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே நீண்ட மோதலின் குண்டுவெடிப்புகளால் வெறிச்சோடிப்போன நகர மையத்தில், கிரேட் விக்டோரியா தெருவில் அந்தக் கடை இருந்தது. 1978இல் அவர் அதே பெயரில் வெளியீட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் தட்டே "பிக் டைம்". அதே ஆண்டில் அதே நிறுவனம் வட அயர்லாந்தின் இன்னொரு நகரமான டெரியைச் சேர்ந்த த அண்டர்டோன்ஸ் குழுவின் "டீனேஜ் கிக்ஸ்" பாடலை வெளியிட்டது. பிபிசி ரேடியோ 1இன் அறிவிப்பாளர் ஜோன் பீல் அதை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். உலகம் அதை அறிந்துகொண்டது. ருடிக்கு அப்படியொரு இரவு வாய்க்கவில்லை. தனித்தட்டுகளோடு, ஒரு நெடுந்தட்டுகூட வராமல், 1982இல் அந்தக் குழு கலைந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ருடியின் கிற்றார் எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஒரு தட்டு கவனிக்கப்படாமல் போவதற்கு அதன் தரம் காரணம் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம், அதைச் சுமந்து செல்ல ஆள் இல்லாமல் போவதுதான்.

பெல்பாஸ்ற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கசெற்றுகளை நான் தனியாகக் கேட்கவில்லை. காத்தான்குடியில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். அவனுடைய வாப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், துணிக் கட்டுகளுக்கு நடுவே, இரண்டு ஸ்பீக்கர் வைத்த ரேப் ரெக்கோடர் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளில் போவேன். பெல்பாஸ்ற் குழுவான ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸின் 1979ஆம் ஆண்டுத் தட்டு அவனுக்கு மிகப் பிடிக்கும். சோதனைச் சாவடியும், வீதியில் துவக்கோடு நிற்கும் படையினரும், இரு தரப்பிலும் இளைஞரை இழுத்துக்கொள்ளும் ஆயுதமும் அந்தப் பாடல்களின் பொருள் என்பது எங்கள் ஆங்கிலத்துக்கு அரைகுறையாகத்தான் எட்டியது. ஆனால் அந்தத் தொண்டை கிழியும் குரல் எதைப் பற்றியது என்று எங்களுக்கு ஒருவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளும் புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படித்துத் தனித்தனித் தெருக்களில் வளர்ந்த அந்த நகரத்தில், அவர்கள் ஒரே அறையில் வியர்த்து ஆடிய இடங்களுள் ஒன்று பங்க் கச்சேரி என்பதைப் பின்னாளில் வாசித்தேன். வாசித்த அன்று நான் நினைத்தது அந்தத் துணிக் கட்டு அறையை. 1990க்குப் பிறகு அவனும் நானும் பல ஆண்டுகள் சந்திக்கவே முடியவில்லை. "பிக் டைம்" என்று பெயர் கண்டுபிடித்ததும் முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன். ஒரு மணித்தியாலம் கழித்து, சொல் எதுவும் இல்லாமல், மேசையில் விரலால் அதே தாளத்தைத் தட்டிய ஒலிப்பதிவு ஒன்று திரும்பி வந்தது.

அடுத்தது, நாலாம் கசெற்றின் இரண்டாம் பக்கக் கடைசி: அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரத்துக் குழுவான த செயின்ற்ஸ் பாடிய "ஸ்ட்ராண்டட்". இதை 1976 செப்ரெம்பரில் தங்கள் சொந்தச் செலவில் 500 பிரதி மட்டும் அச்சிட்டு வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் முதல் பங்க் தனித்தட்டு என்று கருதப்படும் த டேம்ட் குழுவின் தட்டு வந்தது அதற்கு அடுத்த மாதம்தான். தலைநகரத்துக்கு வெகு தொலைவில் இருப்பவர்கள் பின்னால் வருபவர்கள் என்ற எண்ணத்தை இந்த ஒரு திகதி உடைக்கிறது. கொழும்பைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அது சின்ன விடயமல்ல. ஆனால் திகதிக்காக அதைக் கேட்காதீர்கள். நிற்காமல் உரசிக்கொண்டே போகும் அந்தக் கிற்றாருக்காகக் கேளுங்கள்.

500 பிரதி என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. இது அண்ணாவின் கசெற்றில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அமெரிக்காவின் டிற்ரொயிற் நகரத்தில் ஹக்னி என்ற குடும்பப் பெயர் கொண்ட மூன்று கறுப்பினச் சகோதரர்கள் டெத் (மரணம்) என்ற பெயரில் ஒரு குழுவை வைத்திருந்தார்கள். 1975இல், பங்க் என்ற சொல் இன்னும் பரவாத காலத்தில், ஏழு பாடல்களை ஒலிப்பதிவு செய்தார்கள். குழுவின் பெயரை மாற்றினால் வாய்ப்பு உண்டு என்று பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து சொல்லப்பட்டது. மூத்தவரான டேவிட் மறுத்துவிட்டார். 1976இல் 500 பிரதியில் ஒரு தனித்தட்டு. அதன் பிறகு அமைதி. டேவிட் 2000ஆம் ஆண்டில் காலமானார். இந்த நாடாக்களைத் தேடி ஒருநாள் உலகம் வரும், பத்திரமாக வைத்திரு என்று சொல்லித் தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். 2009இல் அந்த ஏழு பாடல்களும் நெடுந்தட்டாக வெளிவந்தன. முப்பத்துநாலு ஆண்டு வீட்டுக்குள் கிடந்த ஒலி அது. மண்டூர்க் கூரைக்குள் கிடந்த பேணியோடு அதை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை; ஆனாலும் அந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் சின்னம்மாவின் முகம் வருகிறது.

இப்போது எனக்கு மிக முக்கியமான பாடலுக்கு வருகிறேன். ஏழாம் கசெற், முதல் பக்கம், கடைசி. இந்தப் பாடல் நடுவில் அறுந்துவிடும். நாடா முடிந்ததால் நடுவரியில் "டக்" என்ற சத்தத்தோடு பொத்தான் மேலே எழும். நான் அதன் முதல் பாதியை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். இரண்டாம் பாதியைக் கேட்டதே இல்லை. குழுவின் பெயர் ஏலியன் கல்ச்சர், அதாவது அயல் பண்பாடு. 1979இல் தென் லண்டனில் பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட மூன்று இளைஞரும் ஒரு வெள்ளை இளைஞரும் சேர்ந்து அமைத்தது. 1978 ஜனவரியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மார்கரெட் தாட்சர், அயல் பண்பாட்டு மக்களால் நாடு மூழ்கிவிடுமோ என்று மக்கள் அஞ்சுவதாகத் தொலைக்காட்சியில் பேசினார். அந்தப் பேச்சுக்கு விடையாக இவர்கள் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். 1980இல் ஒரே ஒரு தனித்தட்டு, "ஏசியன் யூத்". 1981இல் குழு முடிந்துபோனது.

அண்ணாவுக்கு அழைத்துக் கேட்டேன். குழுவின் பெயர் அவருக்கு நினைவில்லை. சிறிது யோசித்துவிட்டு, "பெட்டிக்குள்ள ஏசியன் எண்ட சொல்லக் கண்டுதான்டா எடுத்தன்" என்றார். 83 இனக்கலவரத்துக்குப் பிறகு போய், குளிரில் இரவு வேலை செய்து, தெருவில் வசை கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஆயிரம் தட்டுகளுக்கு நடுவில் அந்தச் சொல்லைக் கண்டு கை நீட்டியிருக்கிறார். அது பாதியில் அறுந்ததை நான் சொல்லும்வரை அவர் அறியவில்லை.

முழுப் பாடலையும் இணையத்தில் தேடி எடுத்து, ஒரு நள்ளிரவில், இதே விறாந்தையில் கேட்டேன். அந்த இடம் நெருங்கியபோது என் கை தானாகவே கசெற்றைத் திருப்ப எழுந்தது. பொத்தான் எழவில்லை. பாடகர் அந்த வரியை முடித்தார், அடுத்த வரிக்குப் போனார், ட்ரம்ஸ் தொடர்ந்தது. நான் எழுந்து நின்றபடியே மிச்சத்தைக் கேட்டேன்.

பதினொரு கசெற்றிலும் உள்ள மிச்சப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு எஞ்சியுள்ளன. ஒன்று, பேஸ் கிற்றார் மட்டும் தனியாகத் தொடங்கி, பெண் குரல் ஒன்று நாலுவரை எண்ணிய பிறகு எல்லாம் சேரும் பாடல். மற்றையதில் சொற்களே இல்லை, நடுவில் யாரோ இருமுவது கேட்கிறது. இரண்டிலிருந்தும் சில நொடிகளை இப்போது ஓடவிடுகிறேன். கேட்டுவிட்டு, தெரிந்தவர்கள் எழுதுங்கள் உறவுகளே.