மூன்று டம்ளர் தண்ணீர்

அனைவருக்கும் வணக்கம். இரவுப் பணியை முடித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். முன்வரிசையிலேயே இரண்டு மூன்று முகங்களில் அது தெரிகிறது. முதல் நன்றி உங்களுக்குத்தான்.

பராமரிப்புப் பணியாளர்களுக்குக் கொடுக்கும் சிறப்புப் பயிற்சியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மூன்று டம்ளர் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். அங்கே பக்கவாதம் வந்து, விழுங்குவதில் சிரமப்படும் ஒரு அம்மா இருந்தார். வெறும் தண்ணீர் குடித்தால் புரையேறும், நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் குடிக்கக் கொடுக்கும் எதிலும் கெட்டியாக்கும் பொடியைக் கலக்க வேண்டும் என்று விழுங்கல் சிகிச்சையாளர் எழுதிவைத்திருந்தார். எவ்வளவு கெட்டி என்பதும் கோப்பில் தெளிவாக இருந்தது: நிலை 2. பணியாளர்கள் அத்தனை பேரும் அந்தப் பயிற்சியை முடித்தவர்கள். சான்றிதழ்களும் அதே கோப்பில் இருந்தன.

நான் மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் கொடுக்கிற மாதிரியே ஒரு டம்ளர் கலந்து காட்டுங்க" என்றேன். மூன்று டம்ளரும் மூன்று விதமாக வந்தன. ஒருவர், டப்பாவுக்குள் இருந்த அளவுக் கரண்டியை விட்டுவிட்டுக் கைக்குக் கிடைத்த தேக்கரண்டியை எடுத்தார். இன்னொருவர் அளவு சரியாகத்தான் போட்டார். ஆனால் கலக்கியதும் கெட்டியாகவில்லையே என்று பதறி, இன்னும் அரைக் கரண்டி சேர்த்தார். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் கரண்டி நிற்கும் பதத்துக்கு வந்துவிட்டது. மூன்றாமவர் சரியான கரண்டி, சரியான எண்ணிக்கை, எல்லாம் சரி. டம்ளர்தான் பெரியது.

அவர்களில் ஒருவர்கூட அலட்சியமானவர் இல்லை. அந்த அம்மாவுக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும் என்பதுவரை தெரிந்துவைத்திருந்தவர்கள். அந்த அம்மாவுக்கு அந்த வருடம் இரண்டு முறை நிமோனியா வந்திருந்தது. இந்த டம்ளர்களால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மூவரும் எழுத்துத் தேர்வில் தேறியவர்கள். அவர்கள் பொடி கலக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் மட்டும் யாரும் இல்லை.

இத்தனைக்கும் அதைச் சோதிக்க ஒரு சிரிஞ்ச் போதும். ஐ.டி.டி.எஸ்.ஐ என்ற சர்வதேச அளவுமுறையில் பானங்களுக்கும் உணவுக்கும் 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு. 10 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி வரை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து, சரியாக 10 விநாடியில் மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே 1 முதல் 4 மில்லி வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை என்றால் நிலை 2. 8-க்கு மேல் நின்று மெல்ல ஒழுகினால் நிலை 3. சிரிஞ்சிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 10 மில்லி சிரிஞ்ச் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. பூஜ்யத்திலிருந்து 10 வரையிலான கோடு 61.5 மில்லிமீட்டர் இருக்கிற சிரிஞ்சில்தான் இந்தக் கணக்கு செல்லும். இதெல்லாம் அந்த மூவருக்கும் படமாகக் காட்டப்பட்டிருந்தது. கையில் யாரும் கொடுக்கவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். மருத்துவக் கல்வியில் இதை ஒரு படமாகவே வரைந்து காட்டியவர் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கர். 1990-இல் அவர் போட்ட பிரமிடுக்கு நான்கு அடுக்கு. அடியில் 'தெரியும்'. அதற்கு மேல் 'எப்படிச் செய்வது என்று தெரியும்'. அதற்கும் மேல் 'செய்து காட்ட முடியும்'. உச்சியில், 'தினசரி வேலையில் செய்கிறார்'. நாம் நடத்தும் பயிற்சிகளில் பெரும்பாலானவை கீழே இரண்டு அடுக்கோடு நின்றுவிடுகின்றன. கணினியில் இருபது பக்கம் தள்ளிவிட்டு, பத்து கேள்விக்குப் பதில் அழுத்தினால் சான்றிதழ் வருகிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒருவரை நோயாளியின் பக்கத்தில் தனியாக நிறுத்துகிறோம். இது அந்த நோயாளிக்குச் செய்யும் அநியாயம். பணியாளருக்குச் செய்யும் அநியாயமும்தான். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், "உனக்குத்தான் பயிற்சி கொடுத்தோமே" என்று அதே தாளை எடுத்து அவர் முன்னாலேயே நீட்டுவோம்.

சரி, சிறப்புப் பயிற்சி என்றால் என்ன? கை கழுவுவது, தூக்கி உட்கார வைப்பது, தீ விபத்து என்றால் எந்த வழியாக ஓடுவது, இவையெல்லாம் எல்லோருக்கும் பொது. சிறப்புப் பயிற்சி என்பது ஒரு குறிப்பிட்ட நிலைமைக்கானது. உணவு கொடுக்கும் மூக்குக் குழாய், வயிற்றுக் குழாய், மூச்சுவிடத் தொண்டையில் போடும் துளை, வலிப்பு, மறதிநோய், இறுதிக்காலப் பராமரிப்பு. என்னைக் கேட்டால் இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஒரு நோய்க்கான பயிற்சி பாதிதான். மீதிப் பாதி, இந்த ஒரு மனிதருக்கான பயிற்சி.

வலிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் நேரத்தைக் குறி, வாயில் எதையும் திணிக்காதே, அடிபடாமல் பார்த்துக்கொள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை, 5 நிமிடம் தாண்டினால் அவசர உதவி. வகுப்பில் இதைச் சொல்லித்தரலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு இளைஞனுக்கு வலிப்பு உடம்பை உதறிக்கொண்டு வராது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே ஒரு பக்கம் வெறித்துப் பார்ப்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். புதிதாக வந்த ஊழியர்கள், பிடிவாதம் பிடிக்கிறான் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். அவனுடைய அம்மா வந்து, தன் சட்டைப் பொத்தானையே திருகிக் காட்டி, "இப்படி ஆரம்பிச்சா கடிகாரத்தைப் பாருங்க" என்று சொன்ன பிறகுதான் அது எல்லோருக்கும் புரிந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் அந்த அம்மா சொல்லிக்கொடுத்ததை என்னுடைய இரண்டு நாள் வகுப்பால் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அன்றிலிருந்து நான் நடத்தும் சிறப்புப் பயிற்சிகளில் குடும்பத்தாருக்கு ஒரு நாற்காலி போடுகிறேன். முடிந்தால் அந்த நோயாளிக்கும்.

மறதிநோய் உள்ளவர்களிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு பெரியவர் குளிக்க வைக்கும்போதெல்லாம் அடிப்பார். கோப்பில் 'முரட்டு சுபாவம்' என்று இருந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் குளிப்பாட்டினார்கள். பேச்சு நின்றுபோனவர்களின் வலியைக் கண்டறிய, பெயின்ஆட் என்று ஒரு அளவுகோல் 2003-இல் வந்தது. மூச்சு, முனகல், முகம், உடம்பின் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். அதில் பயிற்சி எடுத்த ஒரு பெண் அந்தப் பெரியவரை மூன்று நாள் கவனித்தார். வலது கையை அசைத்தால் பெரியவர் சும்மா இருக்கிறார். சட்டையைக் கழற்ற இடது கையைத் தூக்கும் அந்த நொடியில்தான் முகம் சுருங்குகிறது, அப்புறம்தான் அடி விழுகிறது. தோளில் கடுமையான வலி இருந்திருக்கிறது. மருத்துவர் பார்த்து, குளிப்பதற்கு முன்கூட்டியே வலி மாத்திரை கொடுக்கச் சொன்னார். பணியாளர்களும் இடது கையை முதலில் நுழைத்துக் கடைசியில் கழற்றும் முறைக்கு மாறினார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆள் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பெரியவர் எத்தனை மாதம் தோள் வலியைச் சுமந்துகொண்டு 'முரடர்' என்ற பெயரையும் சுமந்தார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

படுக்கைப்புண் பற்றி ஒன்றே ஒன்று. தோல் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் பாடத்தில் இருக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல் மாதிரி இறுகியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று. குதிகாலை மறக்காதீர்கள். இதைச் சொல்லித்தராத பயிற்சி அரைகுறைதான்.

மருத்துவப் பணி வேறு, சமூகப் பராமரிப்பு வேறு என்று நாம் கட்டியிருக்கும் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சுவரைத் தாண்டியவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. முதலில் செவிலியர். பிறகு மருத்துவமனைச் சமூகப்பணியாளர். அதன் பிறகு படித்து 1957-இல் மருத்துவரானார். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்து, இறுதிக்காலப் பராமரிப்பை ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்தார். உடம்பு வலி, மன வேதனை, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் 'முழு வலி' என்று அவர் கண்டது, அந்த மூன்று வேலைகளையும் தன் கையால் செய்து பார்த்ததால்தான் என்று நான் நம்புகிறேன். நாம் எல்லோரும் மூன்று படிப்பு படிக்க முடியாது. ஆனால் செவிலியரும், வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பவரும், சமூகப்பணியாளரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நோயாளியைப் பற்றிக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு ஒரு பொது அறையும், ஒரு பொதுவான தேதியும் போதும்.

வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் இருப்பார், குரல் கொடுக்கலாம். வீட்டில் யார் இருக்கிறார்கள்? ராத்திரி பத்து மணிக்கு வயிற்றுக் குழாய் கழன்று கையோடு வந்துவிட்டால், அந்தத் துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'காலையில் சொல்லிக்கொள்ளலாம்' என்று விடக்கூடாது. மூக்குக் குழாய் என்றால், அதன் நுனி வயிற்றில்தான் இருக்கிறதா என்று தெரிய, உணவு கொடுக்கும் முன் குழாய் வழியே உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா என்று சோதனைத் தாளில் பார்க்க வேண்டும். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்பக்கூடாது. நுரையீரலுக்குள் போய்விட்ட குழாயிலும் அந்தச் சத்தம் கேட்கலாம்.

தொலைபேசியில் பேசவும் பயிற்சி வேண்டும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். பதற்றத்தில் நாம் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்போம், எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்போது என்ன நடக்கிறது, அவருடைய பின்னணி என்ன, நான் என்ன பார்க்கிறேன், எனக்கு என்ன வேண்டும். எஸ்-பார் என்ற இந்த நான்கு படி முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. வகுப்பில் ஒருவர் மருத்துவராகவும் ஒருவர் பராமரிப்பாளராகவும் இருந்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். "எனக்கு இந்த வேலை தெரியாது, யாராவது வாங்க" என்று சொல்வதையும் அதே மாதிரி வாய்விட்டுப் பழக வேண்டும். அப்படிச் சொன்ன ஊழியரைத் திட்டும் நிறுவனத்தில் எந்தப் பயிற்சியும் நிற்காது.

நிர்வாகிகள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இதுதான். வார விடுமுறை நாளிலும் இரவுப் பணி முடிந்த காலையிலும் பயிற்சி வைக்காதீர்கள். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள், அவர் இடத்தில் வேறு ஆள் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முழு நாள் என்பதைவிட, மாதத்துக்கு இருபது நிமிடம் கட்டிலருகிலேயே நடப்பது எவ்வளவோ மேல். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்று சொல்லித்தருகிறோம். எண்கள் மனதில் நிற்கும். கையின் பழக்கம் மட்டும் சில மாதங்களிலேயே குறைந்துவிடுகிறது. பொம்மையை அலமாரியில் பூட்டிவைக்காமல் பணியறையிலேயே வைத்தால், போகிறபோது வருகிறபோது இரண்டு நிமிடம் அழுத்திப் பார்ப்பார்கள்.

பேசியது போதும். அந்த ஓரத்து மேசையில் தண்ணீர், பொடி டப்பா, சிரிஞ்ச், நிறுத்துக்கடிகாரம் எல்லாம் வைத்திருக்கிறேன். நாலு நாலு பேராக வாருங்கள். நிலை 2 கலந்து, 10 விநாடி விட்டுப் பாருங்கள். அப்புறம் அதை நீங்களே ஒரு டம்ளர் முழுதும் குடியுங்கள், பாதியில் வைத்துவிடாதீர்கள். வாயில் எப்படி ஒட்டுகிறது, எவ்வளவு குடித்தாலும் தாகம் ஏன் அடங்கவில்லை என்று தெரியும். அந்த அம்மா ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அதைத்தான் குடித்தார். இரவுப் பணி முடித்து வந்தவர்கள் முதலில் வந்துவிடுங்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.