ஊடகத்துக்கு எல்லை வரையும் கை யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, ஹட்டன் மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன நல்லிணக்கத்தையும் நாட்டின் பாதுகாப்பையும் காப்பதற்கு ஊடகத்தின் மீதான சட்டக் கட்டுப்பாடுகளைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்பதே இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் தலைப்பு. குறைக்க வேண்டும் என்ற அணியில் நான் பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட வன்முறையில் திகனையில் எரிந்த கடைகளுக்கும் வீடுகளுக்கும் கட்டுப்பாடற்ற கருத்துப் பரப்பலே காரணம் என்பது முதலாவது. முப்பதாண்டுப் போரைக் கண்ட நாட்டுக்குச் சாதாரண நாடுகளின் அளவுகோல் பொருந்தாது என்பது இரண்டாவது. நேர்மையாக எழுதுகிறவர் சட்டத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்ற கேள்வி மூன்றாவது.

திகனை நம் கண்டி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே அழிந்ததை இங்கே யாரும் சிறிதாக்கிப் பேச மாட்டோம். ஆனால் அந்த நாட்களின் வரிசையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். வன்முறை மூண்டது மார்ச் 5 ஆம் திகதி. மறுநாள் அவசரகால நிலை பிரகடனமானது. அதன் பின் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அந்த வேளையில் இந்நாட்டில் இனவெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமலா இருந்தது? குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்காக இயற்றப்பட்ட 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், அதன் 3 ஆம் பிரிவிலேயே, பகைமையையும் வன்முறையையும் தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைக் குற்றமாக்கியிருந்தது. திகனை எரிந்தபோது அந்தச் சட்டத்துக்குப் பத்து வயது கடந்திருந்தது. கலவரத்துக்குப் பிறகு சிலர் அதன் கீழ் கைதானார்கள் என்பதும் உண்மைதான். கடைகள் எரிவதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்பதே என் கேள்வி. முகநூல் நிறுவனம் அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 இல் மன்னிப்புக் கேட்டது. அந்த நிறுவனத்தின் கவனக்குறைவுக்காக நுவரெலியாவிலும் பதுளையிலும் செய்தி எழுதுகிறவரின் கையைக் கட்டுவது எந்த வகை நியாயம்?

அடுத்து நடந்ததைத்தான் எதிரணி சொல்லாமல் விட்டது. வெறுப்பைத் தடுக்கப் பிறந்த அதே 3 ஆம் பிரிவு, திகனை நடந்து ஓராண்டு கழித்து, 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார மீது பாய்ந்தது. அவர் யாருடைய கடையையும் கொளுத்தச் சொல்லவில்லை. ஒரு சிறுகதை எழுதினார். அதில் வந்த பிக்கு பாத்திரத்தைச் சிலர் விரும்பவில்லை. அதற்காக அவர் நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார்; வழக்கிலிருந்து 2021 இல்தான் விடுவிக்கப்பட்டார். 2020 ஏப்ரலில் அதே பிரிவு கண்டிப் பகுதிக்கே வந்தது. ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், இனவாதத்துக்கு எதிராகப் பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு போராடுவோம் என்று முகநூலில் எழுதியதற்காகக் கைதாகி ஐந்து மாதங்கள் உள்ளே இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. இனவாதத்துக்கு எதிராக எழுதியவரை இனவாதத்தைத் தடுக்கும் சட்டத்தால் சிறைவைத்த நாட்டில், அந்தச் சட்டத்தை இன்னும் கூர்மையாக்கித் தாருங்கள் என்று எதிரணி கேட்கிறது, நடுவர் அவர்களே!

இது ஏதோ இரண்டு அதிகாரிகளின் தவறு என்று எதிரணி சொல்லக்கூடும். ஆகவே மலையகத்தின் பழைய வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மடுல்கலைப் பக்கத்தில் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையை இழந்தார். 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், தோட்டத் துரைமாரின் முகத்துக்கு நேராக, தொழிலாளர் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பேசினார். அந்த மாதம் முடிவதற்குள் ஆளுநர் ஸ்டப்ஸ், 48 மணித்தியாலத்தில் தீவை விட்டு வெளியேறுமாறு அவருக்குக் கட்டளையிட்டார். எந்தச் சட்டத்தைக் காட்டி? போர்க் காலத்துக்கென்று 1896 இல் உண்டாக்கப்பட்ட ஓர் அரச கட்டளையைக் காட்டி! அப்போது இலங்கையில் எந்தப் போரும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு மேடைப் பேச்சு. பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிபதிகள், அமைதிக் காலத்தில் ஒரு மனிதனை அவன் பேச்சுக்காகத் தூக்கி எறிய அந்த அதிகாரம் பயன்படாது என்று கண்டு, மே மாதத்தில் அவரை விடுவித்தார்கள்.

அன்று நாவலப்பிட்டியில் தொடங்கியது பிறகு நாடு முழுவதும் வழக்கமாயிற்று. ஆபத்தைக் காட்டி அதிகாரம் வாங்கப்படுகிறது. ஆபத்து இல்லாத இடத்தில், கேள்வி கேட்டவர் மீது அது பிரயோகிக்கப்படுகிறது. 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்ற பெயருடன் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தின் மையத்தில் இருந்தவை, சிறிய மாத சஞ்சிகை ஒன்றில் 2006 இல் அவர் எழுதிய கட்டுரைகள். மறு ஆண்டு பொதுமன்னிப்பு வந்தது. மன்னிப்பு என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு ஆகாது என்பதைச் சட்டம் படித்த நடுவர் அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2020 மே மாதத்தில் அதே சட்டத்தின் கீழ் கைதானவர் அஹ்னாப் ஜசீம் என்ற தமிழ்க் கவிஞர். அவருடைய கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புகின்றன என்று குற்றஞ்சாட்டினார்கள். அந்தக் கவிதைகளில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் வரிகளே இருந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்து, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். எதிரணி நண்பரின் மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில். நேர்மையாக எழுதுகிறவர் அஞ்ச வேண்டியது இறுதித் தீர்ப்புக்கு அன்று. தீர்ப்பு வரும்வரை கழியும் ஆண்டுகளுக்கு.

அந்த ஆண்டுகளின் விலையை நம் பிரதேசச் செய்தியாளரின் இடத்தில் நின்று பாருங்கள். பொகவந்தலாவையிலோ பசறையிலோ இருந்து எழுதுகிற அவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பும் செய்திக்கு ஏற்பக் கிடைப்பதுதான் வருமானம். தோட்டத்துக்குள் படமெடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்ற பழைய வழக்கத்தோடு அவர் ஏற்கனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். வாக்குமூலம் தரக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நான்காம் மாடிக்கு வா என்று கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தால் போதும். வழக்குத் தொடுக்க வேண்டியதே இல்லை. அவர் வீட்டில் மனைவியும் பெற்றோரும் அந்தச் செய்தி நமக்கெதற்கு என்று கெஞ்சுவார்கள். அடுத்த முறை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை இடிந்து விழுந்தால், அது செய்தியாகாமலே போகும். எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் இந்த இழப்பு எழுதப்படுவதில்லை. இதனால்தான் எதிரணிக்கு அது கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது மீரியபெத்தை நினைவுக்கு வராமல் இருக்காது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்புக்குள் இருந்தது, மக்கள் லயத்துக்குள் இருந்தார்கள். இன்று அரசியலமைப்பின் 14அ உறுப்புரையும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமும் அத்தகைய கோப்பைக் கேட்டுப் பெற வழி செய்கின்றன. ஆனால் பெற்ற கோப்பை வெளியிட்டு, இதை ஏன் மறைத்தீர்கள் என்று அதிகாரத்திடம் கேட்கும் செய்தியாளர் அச்சமின்றி இருந்தால்தானே அந்த உரிமை லயத்துக்குள் போய்ச் சேரும்?

இப்போது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு வருகிறேன். அவ்வாண்டு ஜனவரி 24 ஆம் திகதி 108 க்கு 62 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. சனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு, எந்தக் கூற்று பொய்யானது என்று கருதி, அதை அகற்றப் பணிக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் இணையத்தில் காக்க வந்த சட்டம் என்று எதிரணி இதைப் புகழ்ந்தது. அந்த நோக்கத்தோடு எங்கள் அணிக்கு எந்தப் பிணக்கும் இல்லை. அதற்கென்று தனியாக, தெளிவாக ஒரு சட்டம் செய்திருந்தால் முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பேன். தோட்டக் கணக்கில் ஒரு முறைகேடு, பிரதேச சபையின் ஒப்பந்தத்தில் ஓர் ஊழல் என்று எழுதப்படும் எந்தச் செய்தியையும் சம்பந்தப்பட்டவர் முதல் நாளில் பொய் என்றுதான் சொல்வார். உண்மை துலங்கச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் செய்தியை உயிரோடு வைத்திருப்பதா, புதைப்பதா என்ற முடிவை நியமிக்கப்பட்ட ஐவரிடம் கொடுக்கலாகாது என்பதே எங்கள் வாதம்.

அப்படியானால் எல்லையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அரசியலமைப்பின் 15 ஆம் உறுப்புரை இன, மத இசைவு, நீதிமன்ற அவமதிப்பு, மானநட்டம், குற்றம் புரியத் தூண்டுதல் ஆகியவற்றுக்காகக் கட்டுப்பாடு விதிக்க இடமளிக்கிறது. ஒருவரைக் கொல் என்று எழுதுவதை எங்கள் அணி காக்க வரவில்லை. மானநட்டத்தைக் குற்றவியல் சட்டத்திலிருந்து 2002 இல் இந்நாடு நீக்கியது. பத்திரிகைகள் இனிக் கட்டவிழ்ந்து போகும் என்று அஞ்சியவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்றுவரை பாதிக்கப்பட்டவர் குடியியல் நீதிமன்றத்துக்குப் போய் நட்டஈடு கேட்கிறார். ஆசிரியர் சிறைக்குப் போவதில்லை. நாடு அப்படியே இருக்கிறது. எல்லை எங்கே என்பதை, இரு தரப்பையும் கேட்ட நீதிபதி, நேர்ந்த அல்லது நேரவிருக்கும் தீங்கைப் பார்த்துச் சொல்லட்டும். கேள்விக்கு உள்ளான அமைச்சரோ, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பொலிஸாரோ சொல்ல வேண்டாம்.

நம் உயர் நீதிமன்றமே இதை அறிந்து வைத்திருக்கிறது. 1992 ஜூலை முதலாம் திகதி மேளம் தட்டியும் மணியடித்தும் அரசாங்கத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்த ஜனகோஷ இயக்கத்தில், பொலிஸார் ஒருவரின் மேளத்தைப் பறித்தார்கள். அந்த வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அமைதியான மறுப்பை இன்று அடக்கினால் அது வேறொரு நாளில் வன்முறையாக வெடிக்கும் என்று எச்சரித்தார். நல்லிணக்கத்தின் பெயரால் மறுப்பை அடக்கக் கேட்கும் எதிரணிக்கு அதைவிட நேரான பதிலை என்னால் தர முடியாது.

பாதுகாப்பு என்ற இரண்டாவது வாதத்துக்கு நான் அதிக நேரம் எடுக்கப்போவதில்லை. ஊடகவியலாளர்களான, 2000 இல் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2005 இல் தர்மரத்தினம் சிவராம், 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார்கள். 2010 ஜனவரியில் பிரகீத் எக்னலிகொட காணாமலாக்கப்பட்டார். இந்த நால்வரின் வழக்குகளிலும் இன்றுவரை ஒருவர்கூடக் குற்றவாளியாகக் காணப்பட்டுத் தண்டிக்கப்படவில்லை. ஊடகவியலாளருக்கு எதிராகச் சட்டம் போதாமல் இருக்கிறது என்று சொல்வதற்கு முன், அவர்களுக்காகச் சட்டம் எப்போதாவது எழுந்து நின்றதா என்று பார்த்திருக்கலாம்.

மலையகத்தவனாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேச்சுச் சுதந்திரத்தை 1978 அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை 'ஒவ்வொரு பிரசைக்கும்' தந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்திருந்த நம் தாத்தாக்களும் பாட்டிமாரும் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். நாடற்றவர்களாக இங்கே சட்டப்படி நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு அதே உறுப்புரை பத்தே ஆண்டுகளுக்கு மட்டும் அந்த உரிமையைத் தவணை போட்டுக் கொடுத்தது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால்தான் அந்தக் கணக்குத் தீர்ந்தது. அதற்கு முன்பும் நமக்காகப் பேசியவர்கள் இருந்தார்கள். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே சென்று தொழிலாளர் நிலையைக் கண்டு எழுதியவர் கோ. நடேசய்யர். 1921 இல் தேசநேசனும், 1924 இல் தேசபக்தனும் அவர் கையில் வந்தன. பின்னர் இதே ஹட்டனில் வாழ்ந்து தொழிற்சங்கம் நடத்தினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை அதே செய்தியைப் பாட்டாக்கித் தொழிலாளர் நடுவே பாடினார். அன்றைய அதிகாரத்தின் கண்ணில் அவை எல்லாம் அமைதியைக் குலைக்கும் செயல்களே. நேற்றுத்தான் முழுதாகக் கைக்கு வந்த உரிமையை, பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் திருப்பிக் கொடுக்க மலையகம் முன்வரலாமா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் நடுவர் அவர்கள் ஒன்று கேட்டருள வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டமோ, 2007 இன் சட்டமோ, 2024 இன் சட்டமோ, ஊடகவியலாளர் ஒருவரைச் சிறையில் அடைத்ததன் மூலம் ஒரு கலவரத்தை, ஒரு குண்டுவெடிப்பை, ஒரே ஒரு வீடு எரிவதைத் தடுத்தது என்று நிறுவப்பட்ட வழக்கு ஒன்றை அவர் இந்த மேடையில் பெயரும் ஆண்டும் சொல்லிக் காட்டட்டும். வணக்கம்.