சைபர் வரட்டும், அண்ணாச்சி!

வணக்கம் மக்களே. இந்த வாரம் கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்றைக்கு எனக்குக் கோபம் ஆறவில்லை.

பாளையங்கோட்டையில் நான் எப்போதும் புலம்புகிற சந்திப்பு உங்களுக்குத் தெரியும். அங்கே சிக்னலில் நெடுநாள் இருண்டு கிடந்த நொடி காட்டும் பலகை மறுபடி எரிகிறது! அதைக் கண்டதும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வண்டியை அணைத்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம். ஆனால் 5 வந்ததும் பின்னால் ஹாரன் அலறுகிறது. 3 வந்தால் முன்வரிசை பைக்குகள் கிளம்பியே விடுகின்றன.

அந்த நேரத்தில் குறுக்குச் சாலையில் மஞ்சள் எரிந்துகொண்டிருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறார். விளக்கைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகும். பதறாமல் நிற்க 30 மீட்டராவது வேண்டும். அதைவிட நெருங்கி வந்துவிட்டவர் கடந்து போவதற்காகத்தான் அந்த மூன்று நொடி மஞ்சள். தூரத்தில் வருகிறவர் ஆக்சிலேட்டரை முறுக்குவதற்காக வைத்ததல்ல. இங்கே இவர் முந்துகிறார், அங்கே அவர் முறுக்குகிறார். நடுவில் மோதாமல் என்ன செய்யும்?

ஹாரன் அடித்து என்ன கிடைக்கிறது, சொல்லுங்கள். பச்சை விழுந்தபின் முதல் வண்டி நகர இரண்டு நொடி, அடுத்தடுத்த வண்டிக்குச் சுமார் இரண்டிரண்டு நொடி. வரிசையில் பத்தாவதாக நிற்கும் காருக்கு எப்படியும் 20 நொடி ஆகும். எவ்வளவு அலறினாலும் அது குறையாது.

அடடா, சாலையில் போட்ட கோடு பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நிறுத்தக் கோட்டுக்கு வெள்ளை புதிதாக அடித்திருக்கிறார்கள், பளிச்சென்று, கை அகலத்துக்கு மேல் இருக்கும். போன வருட வீடியோவில் அந்தக் கோட்டைத் தேடிக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? இன்று அதன்மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. அப்படியிருந்தும் ஒரு ஷேர் ஆட்டோ அதைத் தாண்டி, மக்கள் கடக்கும் பட்டையில் முன்சக்கரத்தை வைத்து நின்றது. குடையும் காய்கறிப் பையுமாக வந்த ஒரு அம்மா அதைச் சுற்றி நடுச்சாலைக்குள் இறங்கிப் போனார். பார்க்கவே பதைத்தது.

என் பின்னால் இருந்தவர் 6-லேயே ஹாரனில் கை வைத்தார். திரும்பி, "சைபர் வரட்டும், அண்ணாச்சி" என்றேன். "டவுணில் கல்யாணம் தம்பி, முகூர்த்தம் போய்விடும்" என்றார். ஆனாலும் கையை எடுத்துவிட்டார்! பச்சை விழுந்த பிறகுதான் இருவரும் கிளம்பினோம். இன்றைய நாளில் எனக்குப் பிடித்த நொடி அதுதான்.

இன்னொன்று. நேராகப் போகிறவர்கள் இடது ஓரத்தை அடைத்து நிற்காதீர்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் வரும் ஊர் இது. 2019 திருத்தச் சட்டப்படி ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உங்கள் பக்கத்துச் சிக்னலில் எத்தனையில் ஹாரன் தொடங்குகிறது என்று கீழே எழுதுங்கள். அங்கேயும் கேமராவோடு வருகிறேன்.